மூன்று மிதி

பிறேக் பஞ்சாக இறங்கினால் எதையெதைப் பார்க்கவேண்டும் என்று நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உள்ளவை எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்கும். டாங்கியில் ஒயில் மட்டம், ஒயிலின் நிறம், குழாய்களில் கசிவு, சில்லுகளின் உட்பக்கம் என்று அது மேலிருந்து கீழே போகும். முதல் வரியைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். "சாரதியின் செருப்பைக் கழற்றிப் பார்க்கவும்" என்று அதில் இருக்கும்.

"மிஸ், அச்சடிக்கேக்கை பிழை விட்டிட்டியள்" என்று வருடம் தவறாமல் யாராவது கையை உயர்த்துவார்கள். பிழை இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவது வரிக்குப் போய்விடுவேன். அந்த முதல் வரிக்குச் சொந்தக்காரர் ஒரு வான்காரர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் காரைநகரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மீதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்.

வாகனப் பொறிமுறையில் டிப்ளோமா முடித்து, வேலணையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கச் சேர்ந்த வருடம் அது. வீடு காரைநகரில். தரைவழியாக வேலணைக்குப் போவதென்றால் யாழ்ப்பாணம் போய்ச் சுற்றிவர வேண்டும். குறுக்குவழி கடல். காரைநகர்த் துறையில் 'பாதை' ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கினால் அரைவாசி நேரம் மிச்சம். பாதை என்றால் எங்களுக்கு ரோடு இல்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் இரும்பு மிதவை. அவருடைய வான் காலையில் ஆறு ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு அதில் கடந்து, தீவுப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டு போகும். ஏழாவது ஆளாக நான் சேர்ந்தேன்.

முதல் நாள் எனக்கு முன் இருக்கை கிடைத்தது. புது ஆளுக்கு முன் இருக்கையா என்று சந்தோஷப்பட்டேன். பாதி வழியில் மழை வந்ததும்தான் அந்த இருக்கையில் ஏன் ஒருவரும் இருப்பதில்லை என்று விளங்கியது. கண்ணாடி துடைக்கும் தண்டில் ஒரு நைலோன் கயிறு கட்டி, ஒரு முனை அவருடைய யன்னலாலும் மறு முனை என்னுடைய யன்னலாலும் உள்ளே வந்திருந்தது. அவர் ஒருமுறை இழுத்தார். தண்டு அவர் பக்கம் போனது.

"இப்ப நீர் இழும், பிள்ளை."

இழுத்தேன். தண்டு என் பக்கம் வந்தது. பின்னால் ஆறு பேரும் சிரித்தார்கள்.

"மோட்டர் பழுதோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"பழுதில்லை. அதுக்கு அது பழக்கம்."

அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாக அவர் வாயால் கேட்டேன். பிறகு தினமும் கேட்டேன். வானின் பின்கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளே ஒரு தேக்கரண்டியின் பிடியை விட்டு நெம்ப வேண்டும். அது கதவின் பழக்கம். வழிவிடச் சொல்லிக் கோண் அடிக்க இரண்டு வயர்களை ஒன்றோடொன்று தொட வேண்டும். அது கோணின் பழக்கம். இடது பக்கச் சிக்னல் போட்டால் வலது பக்கம் மின்னும். துறையடிப் பொலிஸ்காரருக்கும் அது தெரியும். "உந்த வான் இடப்பக்கம் போறதெண்டால் வலப்பக்கம் போடும். அதின்ரை பழக்கம்" என்று அவரே மற்றச் சாரதிகளுக்கு விளங்கப்படுத்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

மனிதருக்கும் அதே கணக்குத்தான். எங்களோடு வந்த கணித ரீச்சர் வாய்க்காரி. ஒருநாள் வான்காரருடைய மச்சானைப் பற்றித் தொடங்கினார்.

"நேற்றும் உங்கடை மச்சான் குடிச்சிட்டுச் சந்தியிலை விழுந்து கிடந்தவராம், அண்ணை."

"ஓம் ரீச்சர். அது அவன்ரை பழக்கம்."

"திருத்திற எண்ணம் இல்லையோ?"

"பழகிட்டால் பிறகு திருத்திறதுக்கு என்ன இருக்கு?"

கோபமே இல்லாமல் சொல்வார். கறுத்து மெலிந்த ஆள், வயது அறுபதை நெருங்கும். மடிப்புக் குலையாத அரைக்கைச் சேட்டு, கால்சட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு. துறையடித் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு மட்டும் சீனி போடாத பிளேன்ரீ வரும். சலரோகமோ என்று கேட்டால், "குளிசை போடுறன். சீனி இல்லாமல் குடிச்சுப் பழகிட்டுது" என்பார். தினமும் விழுங்கும் அந்தக் குளிசை அவருக்கு ஒரு நோயின் அடையாளமாகத் தெரியவில்லை. கதவுக்குத் தேக்கரண்டி மாதிரி அதுவும் ஒன்று.

பழுது என்ற சொல்லை அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் பகுதியில் பழுது என்று பாலுக்குச் சொல்வோம், மீனுக்குச் சொல்வோம், மோட்டருக்குச் சொல்வோம். அவருடைய வீட்டில் பால் கெட்டால் என்ன சொல்வார் என்று கணித ரீச்சர் ஒருமுறை கேட்டார். "தயிராகிறது அதின்ரை பழக்கம்" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம்.

பிறேக்கின் பழக்கம் மூன்று மிதி.

துறையில் ஒரு சரிவு இருக்கிறது. சரிவால் இறங்கி, இரும்புப் பலகையில் ஏறி, மிதவையின் தட்டில் வான் நிற்க வேண்டும். மிதவையின் மறு விளிம்பில் குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலிக்கு அப்பால் கடல். அவர் சரிவின் தலைப்பிலேயே மிதிக்கத் தொடங்குவார். முதல் மிதியில் பெடல் அடிவரைக்கும் போகும். இரண்டாவதில் பாதியில் ஏதோ தட்டுப்படும். மூன்றாவதில் பிடிக்கும். பின்னாலிருந்து ஆசிரியைகள் மெதுவாக எண்ணுவார்கள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு." நின்றதும் ஆங்கில ரீச்சர் சிலுவை போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கைப்பையைத் திறந்து காலைச் சாப்பாட்டைப் பிரிப்பார்கள். அதுவும் பழக்கமாகிவிட்டிருந்தது.

எனக்குப் பழகவில்லை. படித்தது பழகவிடவில்லை. பெடல் அடிவரைக்கும் போய், அடுத்தடுத்த மிதியில் உயர்ந்து வருகிறது என்றால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. காற்று உள்ளே போக ஒரு வழி இருக்க வேண்டும். காற்றுக்கு வழி இருந்தால் ஒயில் வெளியே வரவும் அதே வழி போதும். கூடிக்கொண்டு போகுமே தவிரக் குறையாது. இதை முதல் வாரமே சொன்னேன். அவர் தலையாட்டினார். இரண்டாம் வாரமும் சொன்னேன். தலையாட்டினார்.

இரண்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, பின்னாலிருந்து எண்ணியவர்கள் மூன்றில் நிறுத்தவில்லை. "நாலு" என்று கணித ரீச்சரின் குரல் தனியாகக் கேட்டது. வான் நின்றபோது முன் பம்பர் சங்கிலியைத் தொட்டு, சங்கிலி இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. முன் இருக்கையிலிருந்து பார்த்தால் சங்கிலிகூடத் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது.

அன்று ஒருவரும் சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

மாலையில் திரும்பி வந்து, எல்லோரையும் இறக்கியபின் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். கணித ரீச்சரும் போகாமல் நின்றார்.

"அண்ணை, சனிக்கிழமை உங்கடை வளவுக்கு வாறன். பிறேக் செய்யவேணும்."

"பாப்பம் பிள்ளை."

"பாக்கிறதில்லை. செய்யிறது. செய்யாட்டி அடுத்த கிழமை நான் ஏறமாட்டன்."

"நானும்தான்" என்றார் கணித ரீச்சர். "ஏழு பேரும் ஏறமாட்டம். நீங்களும் வானும் தனியப் போய்ச் சங்கிலியோடை கதையுங்கோ."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சண்டைக்குள்ளை சாமான் வராத காலம் உமக்குத் தெரியாது. மண்ணெண்ணெயிலை ஓடினனான். பிறேக் ஒயிலுக்கு எங்கை போறது? சவுக்காரத் தண்ணி விட்டனான். அதோடை காயக்காரரை ஏத்தினனான், பிள்ளைப்பெறப் போன பொம்பிளையளை ஏத்தினனான். பழுது எண்டு சொன்னால் வண்டியை நிப்பாட்டவேணும். நிப்பாட்டினால் அதுகளை ஆர் கொண்டுபோறது? பழக்கம் எண்டு சொன்னால் ஓடலாம்."

கணித ரீச்சர் ஒரு கதிரையை இழுத்து இருந்தார். எனக்கு ஒன்று சொல்லவேண்டி இருந்தது.

"இப்ப சாமான் வருது, அண்ணை."

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "சனிக்கிழமை வெள்ளணவா வாரும். வெயில் ஏறினால் வேலை செய்யேலாது."

சனிக்கிழமை போனேன். கணித ரீச்சர் தானும் வருவதாகச் சொல்லி, வேலை செய்பவர்களுக்கென்று ஒரு பெட்டி இடியப்பத்தோடு வந்து சேர்ந்தார். வளவில் பூவரச மரத்துக்குக் கீழே வான் நின்றது. நான் என் பட்டியலை எடுத்தேன். அப்போது அதில் எட்டு வரிகள்தான்.

டாங்கியின் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது கடும் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. புதுப் பிறேக் ஒயில் கழுவிய கண்ணாடி மாதிரி இருக்கும். குறையக் குறைய விட்டுக்கொள்வதற்கு என்று இருக்கைக்குக் கீழே ஒரு சோடாப் போத்தலில் வைத்திருந்தார். மூடி தொலைந்து இரண்டு வருடமாம். வாயில் ஒரு துண்டுத் துணி திணித்திருந்தது.

"இதைத் திறந்து வைக்கக்கூடாது அண்ணை. காத்திலை இருக்கிற தண்ணியை இழுக்கும்."

"ஒயில் தண்ணியை இழுக்குமோ? உமக்கு விசர். ஒயிலும் தண்ணியும் எங்கை சேருது?"

"பேர்தான் ஒயில். உண்மையிலை இது எண்ணெய் இல்லை. தண்ணியைக் கண்டால் விடாது."

"அப்ப அது அண்ணையின்ரை மச்சான்" என்றார் கணித ரீச்சர்.

அவர் சிரித்துவிட்டார். "தீவிலை மனிசருக்கே குடிக்கத் தண்ணி காணாது. இது ஒளிச்சிருந்து குடிக்குதோ?"

ஒளித்திருந்து குடித்ததைக் காட்டினேன். பின் இடது சில்லைக் கழற்றி ட்ரம்மை எடுத்தபோது, உட்பக்க ரயர் முழுக்க ஈரமாய் மினுங்கியது. சில்லுக்குள் இருக்கும் சின்னப் பிறேக் சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே துரு குழி குழியாகத் தின்றிருந்தது. அந்தக் குழிகளில் உரசி ரப்பர் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தால் ஒயில் வெளியே வந்தது. அதே இடத்தால் காற்று உள்ளே போனது. அவர் குந்தியிருந்து அதை வெகுநேரம் பார்த்தார். விரலை விட்டுக் குழியைத் தடவினார்.

"உப்புக் காத்து" என்றார், அதற்கும் ஒரு நியாயம் சொல்வதுபோல.

சிலிண்டரை மாற்றினேன். பழைய ஒயில் முழுவதையும் இறக்கி, புதுப் போத்தலின் மூடியை உடைத்து விட்டேன். இனிக் காற்றெடுக்க வேண்டும். அது இரண்டு பேரின் வேலை. ஒருவர் மேலேயிருந்து பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்துச் சில்லடியில் உள்ள நிப்பிள் திருகைத் திறந்து, காற்றும் ஒயிலும் வெளியே வந்தபின் மூட வேண்டும். மூடும்வரைக்கும் மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

அவர் மேலே இருந்தார். நான் கீழே.

"மிதியுங்கோ. பிடியுங்கோ."

திறந்தேன். குமிழி வந்தது. மூடுவதற்குள் குழாயில் ஒயில் பின்னுக்கு ஓடியது.

"அண்ணை, காலை எடுக்காதேங்கோ."

"எடுக்கேல்லை."

மறுபடியும். மறுபடியும் பின்னுக்கு ஓடியது. ஐந்தாவது தரம் என் குரல் உயர்ந்துவிட்டது.

"பிடிக்கச் சொன்னால் பிடியுங்கோ, அண்ணை!"

"பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன், பிள்ளை."

கீழே படுத்திருந்த எனக்கு அவர் முகம் தெரியாது. பொய் சொல்கிறார், அல்லது கவனமில்லை என்று நினைத்தேன். வெளியே வந்து, "நீங்கள் இறங்குங்கோ. ரீச்சர், நீங்கள் ஏறுங்கோ" என்றேன். அவர் இறங்கி, மரத்தடிக்குப் போய் நின்று, தன் வலது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கண்டேன். கண்டும் என்னவென்று கேட்கவில்லை. என் கவனம் முழுக்க நிப்பிளில் இருந்தது.

கணித ரீச்சர் மிதித்துப் பிடித்தபோது நாலு சில்லும் அரை மணித்தியாலத்தில் முடிந்தன. பெடல் கல்லாய் நின்றது. ஒரே மிதி. எனக்குக் கடலையே தாண்டிவிட்டது போல இருந்தது. வான்காரர் அந்தச் சோடாப் போத்தலை வேலியோரம் தூக்கி எறியப் போனார். வாங்கி, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மண்ணில் ஊற்றக்கூடாது என்று அதற்கும் ஒரு விரிவுரை கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வான் முதல் மிதியிலேயே நின்றது. நின்ற வேகத்தில் பின்னால் இருந்தவர்களின் தலைகள் முன் இருக்கையில் மோதின.

"பிள்ளை, உது கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார்.

"அப்பிடித்தான் இருக்கவேணும், அண்ணை. மெல்ல மிதியுங்கோ. பழகிடும்."

அந்தச் சொல்லை நானே சொன்னேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாயும் அப்படித்தான். ஒன்றில் இடித்துக்கொண்டு நின்றது, இல்லாவிட்டால் பிந்தி நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. புதன்கிழமை கணித ரீச்சர் என் தோளில் தட்டினார். "முந்தி மூண்டு மிதியிலை நிண்டது. இப்ப ஒரு மிதியிலை என்ரை சம்பல் டப்பா உம்மடை மடிக்கு வருது. எதைத் திருத்தினனீர்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மாலையும் பட்டியலை எடுத்து, எட்டு வரிகளையும் திரும்பப் பார்த்தேன். என் வேலையில் பிழை இல்லை. அப்படியானால் பிழை எங்கே?

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மாரி மழை. துறையடியில் எங்களுக்கு முன்னால் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. அவர் மிதித்தார், ஆனால் பிந்தி மிதித்தார். எங்கள் பம்பர் கடைசி மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைத் தட்டியது. மழை அங்கி போட்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, அவரைக் கண்டதும், "என்ன அண்ணை, நித்திரையோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் கீழே பார்த்தேன். பிறேக் பெடலின் ரப்பர் ஈரமாய் மினுங்கியது. அதன் கீழ்க் காலடி விரிப்பிலும் ஈரம்.

பெடலுக்கு மேலேதான் பிரதான சிலிண்டர் இருக்கிறது. அதன் பின்பக்க ரப்பர் போனால் ஒயில் சரியாக அந்த இடத்தில்தான் ஒழுகும். பழைய ரப்பரில் புது ஒயிலை விட்டு, அவ்வளவு தரம் அடிவரைக்கும் மிதிக்க வைத்து நானே அதைக் கிழித்துவிட்டேன் போலிருந்தது. பின்னால் ஆறு பேர். முன்னால் சரிவு.

"அண்ணை, ஹான்ட் பிறேக்கை இழுங்கோ. காலை எடுங்கோ."

இழுத்தார். எடுத்தார். நான் குனிந்து பெடலைத் தொட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். பிறேக் ஒயில் வழுக்கும், ஒட்டாது. இது ஒட்டியது. முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது அது சிவப்பாக இருந்தது.

"செருப்பைக் கழட்டுங்கோ."

"என்ன?"

"வலது செருப்பைக் கழட்டுங்கோ, அண்ணை."

அவர் காலைத் தூக்கி உதறினார். செருப்பு விழவில்லை. கையால் இழுத்தார். அப்போதும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். வேலிக்கு அடிக்கிற ஆணி ஒன்று செருப்பின் அடியால் ஏறி, பெருவிரலுக்குக் கீழே காலுக்குள் போயிருந்தது. செருப்பும் காலும் ஒன்றாகத் தைக்கப்பட்டதுபோல இருந்தன. ஆணியைச் சுற்றித் தோல் வெளிறி ஊறிக் கிடந்தது. இந்த நிமிடம் ஏறிய ஆணி இல்லை, விடியவே ஏறியிருக்க வேண்டும்.

"எப்ப ஏறினது?"

அவர் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லையே, பிள்ளை."

"நோகேல்லையோ?"

"அது விறைச்சிருக்கும். ரெண்டு மூண்டு வருஷமா அப்பிடித்தான். அது காலின்ரை பழ—"

சொல் பாதியில் நின்றது. மழை கூரைத் தகரத்தைத் தட்டியது. எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. காற்றெடுத்தபோது அவர் பொய் சொல்லவில்லை. கால் தானாக வழுக்கியதை அவர் உண்மையாகவே அறியவில்லை. அந்த மூன்று மிதியும் வானுடைய பழக்கம் மட்டும் இல்லை. பெடல் ஆழத்துக்குப் போகும்போது அவருக்கு முழங்கால் மடிவது தெரிந்திருக்கிறது. பாதத்தால் அறிய முடியாததை முழங்காலால் அறிந்து, மூன்று தரம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நான் அந்த ஆழத்தை எடுத்துவிட்டேன். கல்லாய் நிற்கிற பெடலில் அவருடைய கால் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் போயிற்று. டாங்கியிலிருந்து சில்லுவரைக்கும் பார்த்த நான் பெடலுக்கு இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் கண்ணாடியில் பின்னால் இருந்த ஆறு பேரையும் பார்த்தார். பிறகு சங்கிலி இருந்த திசையைப் பார்த்தார்.

"பழுது" என்றார். "கால் பழுதாப் போச்சு."

கணித ரீச்சர் தன் கைக்குட்டையையும் தலைக்குப் போட்டிருந்த சால்வையையும் நீட்டினார். ஆணியை இழுக்கவேண்டாம், செருப்போடு சேர்த்துக் கட்டலாம் என்று ஆங்கில ரீச்சர் சொன்னார். முதலுதவி வகுப்பில் படித்தவர். கட்டினோம். பாதை ஏற்றத் தொடங்கிவிட்டது. துறைக்காரர் எங்களுக்குக் கை காட்டினார்.

"வேறை ஆரையும் பிடிப்பமோ?" என்றார் கணித ரீச்சர்.

"ஆஸ்பத்திரி அக்கரையிலை கிட்ட. இதை விட்டால் பேந்து எப்ப?" என்றார் அவர். பிறகு என்னிடம், "உம்மட்டை லைசென்ஸ் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப நீர் ஓடும்."

அந்த வானை அவரைத் தவிர வேறு ஒருவரும் ஓட்டி ஊர் பார்த்ததில்லை. மழையில் இறங்கி, வானின் முகப்பைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டு சுற்றிவந்து, கயிற்று இருக்கையில் ஏறி இருந்தார். பாதையில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். பெருவிரலும் பக்கத்து விரலும் போயின, கால் மிஞ்சியது. கிளினிக்குக்குப் போவதை அவர் இம்முறை பழக்கம் என்று சொல்லவில்லை, வேலை என்று சொன்னார். சாரதி இருக்கையில் அதற்குப் பிறகு அவர் இருக்கவே இல்லை. அது அவராக எடுத்த முடிவு, ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத் தவணை முடியும்வரை காலையில் நான் ஓட்டினேன். பிறகு ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்தார். அந்தப் புதுச் சாரதி முதல் வேலையாகக் கண்ணாடி துடைக்கும் மோட்டரை மாற்றினாராம். நான் மேலே உள்ள முதல் வரியைப் பட்டியலில் சேர்த்தது அந்தத் தவணையில்தான்.

அன்று காலை இதெதுவும் எங்களுக்குத் தெரியாது. சாரதி இருக்கையில் ஏறி, முதலில் பெடலை மிதித்துப் பார்த்தேன். ரப்பரைத் துடைத்திருந்தும் இன்னும் கொஞ்சம் ஒட்டியது. வான் சரிவில் இறங்கியது. கண்ணாடியில் மழை. நான் என் பக்கக் கயிற்றை இழுத்தேன், அவர் தன் பக்கத்தை இழுத்தார். இரும்புப் பலகையில் சில்லு ஏறிய சத்தம் கேட்டது. தட்டு வந்தது. நான் ஒருமுறை மிதித்தேன்.

அதே நேரம் பக்கத்தில், கட்டுப் போட்ட அந்தக் கால் வெறும் தரையை மிதித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பின்னால் ஒருவரும் எண்ணவில்லை.

"நிண்டிட்டுதோ?" என்று கேட்டார்.

"நிண்டிட்டுது, அண்ணை."

"ஒருக்காத்தானே மிதிச்சனீர்?"

"ஓம். ஒருக்காத்தான்."

சங்கிலிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். அவர் அந்த இடைவெளியைப் பார்த்தபடி இருந்தார். கையில் கயிறு தளர்ந்து கிடந்தது. மிதவை நகரத் தொடங்க, கண்ணாடி முழுவதும் தண்ணீராகிவிட்டது.

"இழுங்கோ, அண்ணை" என்றேன். "முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை."

அவர் இழுத்தார்.